மாடிக்குத் தனி டிபி: முதல் தடவை வயரிங்கில் இறங்குபவர்கள் கேட்கும் கேள்விகள்

மாடியில் ஒரு ரூம் எடுத்தாயிற்று, கீழே இருக்கும் மெயின் டிபி-யில் (கரன்டைப் பல சர்க்யூட்டாகப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிப்யூஷன் போர்டு) இடமில்லை, மேலே சின்னதாக ஒரு டிபி வைத்துவிடலாம் என்று இறங்குபவர்களுக்கு வரும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். அவற்றைக் கேட்டவர்களின் பேச்சிலேயே இங்கே தொகுத்திருக்கிறோம். கணக்குக்கு ஒரு வீட்டை வைத்துக்கொள்வோம்: தமிழ்நாட்டில் மூன்று ஃபேஸ் இணைப்புள்ள வீடு, கீழ் ஹாலில் மெயின் டிபி, மாடியில் ஒரு படுக்கையறை, பாத்ரூம், சின்ன சமையல் மேடை. மெயின் டிபி-யிலிருந்து மேல் டிபி வரை பைப் ஓடும் தூரம் 18 மீட்டர்.

மாடிக்கு எதுக்குத் தனி டிபி? கீழ இருந்தே ஒவ்வொரு லைனா இழுத்துட்டுப் போனா ஆகாதா?

ஆகும். ஆனால் ஏசிக்கு ஒன்று, கீசருக்கு ஒன்று, லைட்டுக்கு ஒன்று என்று ஐந்து சர்க்யூட்டுக்கு ஃபேஸ், நியூட்ரல், எர்த் சேர்த்துப் பதினைந்து வயர் மேலே ஏற வேண்டும். ஒரே பைப்பில் திணித்தால் ஒன்றையொன்று சூடாக்கும். தனி டிபி வைத்தால் தடிமனான மூன்று வயர் மட்டும் ஏறும், பிரிவது மேலே நடக்கும். மாடியில் எம்சிபி (ஓவர்லோடோ ஷார்ட்டோ ஆனால் தானாகத் துண்டிக்கும் சுவிட்ச்) விழுந்தால், அதாவது ட்ரிப் ஆனால், ராத்திரியில் இருட்டில் படி இறங்கவும் வேண்டாம்.

இதை நானே செய்யலாமா? லைசென்ஸ் வேணும்னு சொல்றாங்களே?

வேணும். மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிமுறைகளின்படி பல்பு, ஃபேன், ஃபியூஸ், சுவிட்ச் மாற்றுவது போன்ற சில்லறை வேலைகளைத் தவிர, புதிதாக லைன் சேர்ப்பதையும் மாற்றுவதையும் உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரர்தான் செய்ய வேண்டும். தகுதிச் சான்று உள்ளவரின் மேற்பார்வையும் இருக்க வேண்டும். புது டிபி இதற்குள் வருகிறது.

அதனால் வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள். லோடு கணக்கு, சாமான் வாங்குவது, சுவரில் காடி வெட்டிப் பைப் பதிப்பது, டிபி பெட்டி மாட்டுவது, வயர் இழுத்து நம்பர் ஒட்டுவது எல்லாம் அவர்களின் மேற்பார்வையில் நீங்கள் செய்யலாம். லைன் உயிரோடு இல்லாத வேலை இவ்வளவும். மெயின் டிபி-யில் கை வைப்பது, கடைசிக் கனெக்‌ஷன், சோதனை, முதல் முறை கரன்ட் கொடுப்பது ஆகியவற்றை வயர்மேனிடம் விடுங்கள். கீழே வரும் பதில்களில் அவர் வேலையையும் விவரித்திருக்கிறோம். அவர் செய்வது சரியா என்று பார்க்க அது தெரிந்திருக்க வேண்டும்.

மெயினை ஆஃப் பண்ணிட்டா எதையும் தொடலாம்ல?

இல்லை. மெயின் சுவிட்சுக்கு முன்னால் இருக்கும் இ.பி. கட்அவுட் (வாரியத்தின் ஃபியூஸ்), மீட்டர், மெயின் சுவிட்சின் மேல் முனைகள் எல்லாம் உயிரோடுதான் இருக்கும். மீட்டரிலும் கட்அவுட்டிலும் இருக்கும் சீலைத் தொடவே கூடாது, அது வாரியத்தின் சொத்து.

நம் ஊர் வீடுகளில் இதைவிடப் பெரிய ஆபத்து பேட்டரி இன்வெர்ட்டர். மெயின் ஆஃப் ஆன அடுத்த நொடியே அது விழித்துக்கொண்டு லைட், ஃபேன் லைன்களுக்கு 230 வோல்ட் கொடுக்கும். இ.பி. கரன்ட் போய்விட்டது என்று நம்பி டிபி-யைத் திறப்பவர் தொடுவது இன்வெர்ட்டர் லைனாக இருக்கலாம். முதலில் இன்வெர்ட்டரை அதன் பட்டனில் ஆஃப் செய்து, அவுட்புட்டையும் பிரித்துவிட்டு, பிறகு மெயினை ஆஃப் செய்யுங்கள். அந்த மெயினை யாரும் திரும்பப் போடாதபடி பூட்டு அல்லது டேப், கூடவே ஒரு சீட்டு. கடைசியாக மல்டிமீட்டரில் ஃபேஸ்-நியூட்ரல், ஃபேஸ்-எர்த், நியூட்ரல்-எர்த் மூன்றையும் பாருங்கள். பார்ப்பதற்கு முன்னும் பின்னும், கரன்ட் இருப்பது உறுதியாகத் தெரிந்த ஒரு பிளக்கில் மீட்டரை வைத்து, மீட்டர் வேலை செய்கிறதா என்று சரிபாருங்கள்.

லோடு கணக்கு எப்படிப் போடறது?

நம் உதாரண மாடிக்கு: ஒன்றரை டன் ஏசி சுமார் 1,700 வாட், கீசர் 2,000, இண்டக்‌ஷன் அடுப்பு 2,000, ஃபேன், லைட், டிவி, சின்ன ஃபிரிட்ஜ் எல்லாம் சேர்த்து 600. மொத்தம் 6,300 வாட். 230 வோல்ட்டால் வகுத்தால் சுமார் 27 ஆம்ப்.

எல்லாம் ஒரே நேரத்தில் ஓடாது என்று சொல்லி இதைப் பாதியாகக் குறைப்பவர்கள் உண்டு. பத்து ரூம் உள்ள கட்டடத்தில் அந்தக் கழிவு சரி. ஒரே ரூமில் காலை ஏழு மணிக்குக் கீசரும் அடுப்பும் ஏசியும் சேர்ந்து ஓடத்தான் செய்யும். 27-ஐ அப்படியே எடுத்துக்கொண்டு, கீழே மெயின் டிபி-யில் 32 ஆம்ப் எம்சிபி-யிலிருந்து லைன் எடுப்பது பொருத்தம். இந்தக் கூடுதல் லோடு உங்கள் இணைப்புக்கு அனுமதிக்கப்பட்ட அளவுக்குள் இருக்கிறதா என்று மின் கட்டண அட்டையில் பாருங்கள். மீறினால் முதலில் லோடு உயர்த்த விண்ணப்பம், பிறகுதான் வயரிங்.

கீழ இருந்து மேல வர்ற மெயின் வயர் 4 ஸ்கொயர் போதுமா, 6 போடணுமா, 10-ஆ?

தாமிர வயரைப் பைப்பில் விட்டால், சுற்றுச் சூடு 30 டிகிரியில் 4 ஸ்கொயர் எம்எம் சுமார் 32 ஆம்ப் தாங்கும், 6 சுமார் 41, 10 சுமார் 57. நம் வெயிலுக்கு 30 டிகிரி கணக்கு உதவாது. 40 டிகிரிக்கு இந்த எண்களை 0.87-ஆல் பெருக்க வேண்டும்: 4-க்கு 28 ஆம்ப்தான் கிடைக்கும், 32 ஆம்ப் எம்சிபி-யின் கீழ் அது கூடாது. 6-க்கு 35-க்கு மேல் கிடைக்கும், போதும்.

ஆனால் பைப் எங்கே ஓடுகிறது? வீட்டுக்குள் சுவரில் புதைந்து ஏறினால் 6 சரி. மேற்குப் பக்க வெளிச்சுவரில் ஒட்டிக்கொண்டு மே மாத வெயிலில் காய்ந்தால் பைப்புக்குள் 50 டிகிரி சாதாரணம். அங்கே பெருக்க வேண்டியது 0.71. அப்போது 6 ஸ்கொயர் 29 ஆம்ப்தான் தாங்கும், 10-க்குப் போக வேண்டும். இப்படிக் காய்கிற பைப்புகள் நம் ஊரில் ஏராளம் என்பதால், சந்தேகமாக இருந்தால் 10 போடுங்கள் என்பதே எங்கள் பேச்சு.

வோல்டேஜ் இறக்கம் இந்தத் தூரத்தில் பிரச்சினையே இல்லை: 27 ஆம்ப், 18 மீட்டருக்கு 6 ஸ்கொயரில் சுமார் மூன்றரை வோல்ட், 10-ல் இரண்டு வோல்ட் சொச்சம். வயர் நீளம் வாங்கும்போது பைப்பின் 18 மீட்டரோடு இரு முனையிலும் ஒவ்வொரு மீட்டர் சேர்த்து 20 மீட்டர் வீதம் சிவப்பு, கறுப்பு, பச்சை. தேர்ந்தெடுத்த ஃபேஸ் மஞ்சள் அல்லது நீலம் என்றால் சிவப்புக்குப் பதில் அந்த நிறம். எர்த் வயரும் அதே தடிமன். அதில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

டிபி பெட்டி எத்தனை வே வாங்கணும்? உள்ள என்னென்ன வரும்?

‘எட்டு வே’ என்று கடையில் சொல்வதில் மெயினுக்கான இடம் சேர்த்தியா, தனியா என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ‘மொத்தம் எத்தனை மாட்யூல் உட்காரும்’ என்று கேளுங்கள். ஒற்றை எம்சிபி ஒரு மாட்யூல், அகலம் ஏறக்குறைய 18 மில்லிமீட்டர்.

நம் மாடிக்கு: 40 ஆம்ப் டபுள் போல் ஐசொலேட்டர் (ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்து வெட்டும் கை சுவிட்ச், 2 மாட்யூல்), 40 ஆம்ப் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரன்ட் கசிந்தால் துண்டிக்கும் கருவி, 2 மாட்யூல்), லைட்-ஃபேனுக்கு 6 ஆம்ப், சாதாரண பிளக்குகளுக்கு 10 ஆம்ப், சமையல் மேடைக்கு 16, கீசருக்கு 16, ஏசிக்கு ‘சி’ வகை (மோட்டாரின் தொடக்க இழுப்பைத் தாங்குவது) 20. ஆக ஐந்து எம்சிபி. இரண்டு இடம் காலியாக. மொத்தம் 11, எனவே 12 மாட்யூல் பெட்டி. வயர்: லைட்டுக்கு 1.5, சாதாரண பிளக், சமையல் மேடை, கீசருக்கு 2.5, ஏசிக்கு 4.

எம்சிபி-யில் ஐஎஸ்ஐ முத்திரையும், சின்னக் கட்டத்துக்குள் 10000 என்ற எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். ஷார்ட் ஆனால் அத்தனை ஆம்ப் வரை அது உடையாமல் துண்டிக்கும் என்று அர்த்தம். இன்வெர்ட்டர் ஏசி, புது மாடல் வாஷிங் மெஷின் இருந்தால் ஆர்சிசிபி ‘ஏ’ வகையாகக் கேட்டு வாங்குங்கள். ‘ஏசி’ வகை என்று வருவது குளிர்சாதனத்துக்கானது அல்ல, மாறுமின்சாரக் கசிவை மட்டும் உணர்வது. கடைக்காரரே சில நேரம் இதில் குழம்புவார்.

எம்சிபி இருக்கும்போது ஆர்சிசிபி எதுக்கு? ரெண்டாயிரம் ரூபா தண்டம்ல?

எம்சிபி வயரைக் காப்பாற்றும், ஆர்சிசிபி ஆளைக் காப்பாற்றும். நம் வீடுகளில் எர்த் என்பது மண்ணில் இறக்கிய பைப். கீசரின் உடலில் ஃபேஸ் பட்டுவிட்டது, எர்த் வழியின் மொத்தத் தடை 10 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 230-ஐப் பத்தால் வகுத்தால் ஓடுவது 23 ஆம்ப். 32 ஆம்ப் எம்சிபி அதைச் சாதாரண லோடு என்றே நினைக்கும், விழவே விழாது. கீசருக்கான 16 ஆம்ப் கூட உடனே விழாது, சூடேறி விழச் சில நிமிடமாவது ஆகும். அவ்வளவு நேரமும் குழாயில் கரன்ட். ஆர்சிசிபி-க்கு 30 மில்லி ஆம்பியர் கசிவு போதும், ஒரு நொடியில் சின்னப் பங்குக்குள் துண்டித்துவிடும். வீடுகளுக்கு 30 மில்லி ஆம்பியர் என்பதை விதிமுறையே சொல்கிறது.

இதன் மறுபக்கமும் உண்டு. ஆர்சிசிபி-க்கு ஓவர்லோடு தெரியாது. அதன் மேல் எழுதிய 40 ஆம்ப் அது தாங்கும் அளவு, விழும் அளவு அல்ல. முன்னால் 32 ஆம்ப் எம்சிபி இருப்பதால்தான் அது பிழைக்கிறது.

டிபி-யை எங்க மாட்டறது? படிக்கட்டுக்கு அடியில இடம் இருக்கு.

தரையிலிருந்து ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் உயரத்தில், கண்ணுக்கு நேராக, முன்னால் ஒரு மீட்டர் இடம் காலியாக இருக்கும் சுவரில். பாத்ரூமில் கூடாது, சிங்க்குக்கு மேல் கூடாது, சாரல் அடிக்கும் வெளிச்சுவரில் கூடாது, துணி அடுக்கும் அலமாரிக்குள்ளும் கூடாது. படிக்கட்டுக்கு அடியில் என்றால் நாளைக்கு அங்கே பழைய பேப்பர் கட்டும் காலி அட்டைப் பெட்டியும் வந்து உட்காரும்.

பைப்புக்கு 25 மில்லிமீட்டர் பிவிசி. காடியை நேர் மேலாகவோ நேர் கிடையாகவோ வெட்டுங்கள். குறுக்கே சாய்வாகப் போனால் பின்னாளில் ஆணி அடிப்பவர் ஊகிக்க முடியாது. பைப்பின் மேல் ஒரு சென்டிமீட்டராவது பூச்சு நிற்கும் ஆழம் வேண்டும். பூசுவதற்கு முன் ஸ்கேலோடு சேர்த்துப் போட்டோ எடுத்து வையுங்கள். பைப்பில் இரண்டு வளைவுக்கு (பெண்ட்) மேல் வந்தால் நடுவில் ஒரு ஜங்ஷன் பாக்ஸ். வயரைப் பைப்புக்குள் ஒட்டுப் போடவே கூடாது.

டிபி உள்ள எந்த வரிசையில கனெக்‌ஷன்?

ஃபேஸ் வழி: கீழிருந்து வரும் ஃபேஸ் ஐசொலேட்டருக்கு, அங்கிருந்து ஆர்சிசிபி-க்கு, அதிலிருந்து சீப்பு மாதிரி இருக்கும் பஸ்பார் வழியாக எல்லா எம்சிபி-க்கும், எம்சிபி-யின் மறுமுனையிலிருந்து ரூமுக்கு. நியூட்ரல் வழி: ஐசொலேட்டர், ஆர்சிசிபி, அதிலிருந்து நியூட்ரல் லிங்க் (எல்லா நியூட்ரலும் சேரும் பித்தளைக் கட்டை), அங்கிருந்து ஒவ்வொரு சர்க்யூட்டின் கறுப்பு வயர். எர்த் மட்டும் எந்த சுவிட்சையும் தொடாமல் நேராக எர்த் லிங்க்குக்கு. பெட்டி இரும்பு என்றால் பெட்டிக்கும் கதவுக்கும் எர்த் வயர்.

ஆர்சிசிபி-யில் ‘என்’ என்று குறித்த முனையில்தான் நியூட்ரல். பஸ்பார் இல்லாமல் எம்சிபி-களைத் துண்டு வயரால் இணைப்பதாக இருந்தால் அந்தத் துண்டு 6 ஸ்கொயருக்குக் குறையக் கூடாது. கையில் மிஞ்சிய 2.5 வயரில் லூப் அடிப்பதுதான் டிபி கருகுவதற்கு வழக்கமான காரணம். ஒவ்வொரு வயரையும் பெட்டிக்குள் ஒரு முழ நீளம் கூடுதலாக விட்டு, ஓரமாக வளைத்து, எம்சிபி நம்பர் எழுதிய ஸ்லீவ் போடுங்கள். நியூட்ரலுக்கும் அதே நம்பர். இது ஏன் முக்கியம் என்று கீழே ட்ரிப் ஆகும் கேள்வியில் தெரியும்.

திருகை எவ்வளவு இறுக்கணும்? டைட்டா இருந்தா போதாதா?

டைட்டாக இருப்பது போலத் தோன்றுவதுதான் ஏமாற்று. எம்சிபி முனைக்குள் மேலும் கீழும் ஏறி இறங்கும் ஒரு சின்னக் கூண்டு இருக்கிறது. திருகைத் தளர்த்தாமல் வயரைச் செருகினால் அது கூண்டுக்குள் போகாமல் பின்பக்கமாக நழுவிவிடும். திருகைச் சுற்றினால் நன்றாக இறுகும், ஸ்க்ரூடிரைவர் நிற்கும், பார்வைக்கும் சரியாக இருக்கும். வயரைப் பிடித்து இழுத்தால் கையோடு வரும். எனவே ஒவ்வொரு முனையிலும் இறுக்கிய பிறகு ஒரு இழுப்பு. இதற்கு விதிவிலக்கே இல்லை.

நம் வீட்டு வயர் பல இழை. சும்மா முறுக்கிச் செருகினால் பாதி இழை வெளியே நிற்கும், உள்ளே போனதும் நாளடைவில் தளரும். வயர் நுனியில் மாட்டும் ஊசி மாதிரியான ‘பின் லக்’ வைத்துக் கிரிம்பிங் கருவியால் நசுக்குங்கள். கட்டிங் பிளேயரால் நசுக்குவது கணக்கில் வராது. தோலை 10 முதல் 12 மில்லிமீட்டர் உரித்தால் போதும். அதிகம் உரித்தால் செம்பு வெளியே தெரியும், குறைத்தால் திருகு தோலையே கடிக்கும். இறுக்கும் விசையை அளவு வைத்துத் திருகும் டார்க் (torque) ஸ்க்ரூடிரைவர் கிடைத்தால் எம்சிபி-யின் பக்கவாட்டில் அச்சிட்ட அளவுக்கு இறுக்குங்கள். பெரும்பாலும் 2 நியூட்டன் மீட்டர் அக்கம்பக்கம்.

யூடியூப்ல நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு பச்சைத் திருகால சேர்க்கிறாங்க. நாமும் சேர்க்கணுமா?

கூடாது. அது அமெரிக்க வீடியோ. அங்கே வீட்டு மெயின் பேனலில் இரண்டையும் ஒரு முறை சேர்ப்பது விதி, சப் பேனலில் அவர்களும் பிரித்தே வைப்பார்கள். அவர்களுடைய சப்ளை 120/240 வோல்ட் இரட்டை லைன், நம்முடையது வேறு. இங்கே நியூட்ரல் இ.பி. டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் எர்த் செய்யப்பட்டிருக்கிறது. வீட்டுக்குள் கீழ் டிபி-யிலும் மேல் டிபி-யிலும் இரண்டும் தனித்தனி.

சேர்த்தால் இரண்டு விளைவு. ஆர்சிசிபி-க்குப் பிறகு சேர்த்தால் லோடு போட்டதும் விழும். அதற்கு முன்னால் சேர்த்தால் விழாது, அதுதான் மோசம்: தெருவில் நியூட்ரல் கம்பி அறுந்த நாளில் உங்கள் வீட்டு ஃபிரிட்ஜ், கீசர் உடலெல்லாம் உயிர்பெறும்.

மாடிக்குத் தனியா எர்த் குழி போடணுமா?

ஒரே கட்டடம் என்றால் வேண்டாம். கீழிருந்து வரும் எர்த் வயரே போதும், கீழே உள்ள எர்த் நன்றாக இருந்தால். அதை வயர்மேனிடம் எர்த் டெஸ்டரால் அளக்கச் சொல்லுங்கள். பல பழைய வீடுகளில் குழி மேல் டைல்ஸ் போட்டுவிட்டார்கள், வயர் துருப்பிடித்து அறுந்து நிற்கிறது. புதுசாகப் போடுவதென்றால் 40 மில்லிமீட்டர் ஜிஐ பைப் இரண்டரை மீட்டர் இறக்கி, தண்ணீர் ஊற்ற வாய் வைத்து, எங்கே இருக்கிறது என்று தெரியும்படி விடுங்கள்.

மூணு ஃபேஸ்ல மாடிக்கு எதை எடுக்கறது?

சாயங்காலம் ஏழெட்டு மணிக்கு வயர்மேன் கிளாம்ப் மீட்டரால் மூன்றிலும் ஓடும் ஆம்பைப் பார்த்து, குறைவாக இருப்பதை எடுப்பார். கீழே ஏசியும் மோட்டாரும் இருக்கும் ஃபேஸைத் தவிர்ப்பது பொதுவான வழக்கம்.

இங்கே முக்கியம் நியூட்ரல். மூன்று ஃபேஸ் வீட்டில் மெயின் நியூட்ரல் தளர்ந்தால், இரண்டு ஃபேஸுக்கு நடுவே இருக்கும் 400 வோல்ட் சொச்சத்தை இரண்டு பக்க லோடுகளும் பங்கு போட்டுக்கொள்ளும். குறைந்த லோடு உள்ள பக்கத்துக்கு அதிக வோல்டேஜ். ஒரே ராத்திரியில் டிவி, ஃபிரிட்ஜ், பல்பு எல்லாம் போனதாகச் சொல்லும் வீடுகளில் பெரும்பாலும் இதுதான் நடந்திருக்கும். நியூட்ரலில் தனி ஃபியூஸோ ஒற்றை எம்சிபி-யோ வைக்கவே கூடாது.

எல்லாம் மாட்டியாச்சு. ஆன் பண்றதுக்கு முன்ன என்ன பார்க்கணும்?

கரன்ட் இல்லாமல் முதலில். ஒவ்வொரு பிளக்கின் எர்த் ஓட்டையிலிருந்து டிபி எர்த் லிங்க் வரை மல்டிமீட்டரில் தொடர்ச்சி. ஒரு ஓமுக்கும் குறைவாக வர வேண்டும். அடுத்து 500 வோல்ட் மெகர் (வயரின் தோல் கசிகிறதா என்று அளக்கும் கருவி): பல்பு கழற்றி, சாமான்களின் பிளக்கை உருவி, ஆர்சிசிபி-யிலிருந்து வயரைப் பிரித்துவிட்டு, ஃபேஸ்-நியூட்ரல், ஃபேஸ்-எர்த், நியூட்ரல்-எர்த் என்று மூன்றும். குறைந்தது 1 மெகாஓம். புது வயரில் இதைவிடப் பல மடங்கு வரும். ஒன்றுக்குப் பக்கத்தில் நின்றால் எங்கோ தோல் கிழிந்திருக்கிறது அல்லது ஈரம்.

பிறகு எல்லா எம்சிபி-யும் ஆஃப், கீழே 32 ஆன், மேலே ஐசொலேட்டர் ஆன், ஆர்சிசிபி ஆன். ஃபேஸ்-நியூட்ரலும் ஃபேஸ்-எர்த்தும் ஏறக்குறைய ஒரே அளவு காட்ட வேண்டும், நியூட்ரல்-எர்த் ஓரிரு வோல்ட்டுக்குள். டெஸ்ட் பட்டன் ஒரு அழுத்து. அதன்பின் எம்சிபி ஒவ்வொன்றாக. கீசரையும் ஏசியையும் அரை மணி ஓடவிட்டு, டிபி-யின் மூடியைக் கழற்றாமல் மேலாகத் தொட்டுப் பாருங்கள். எங்காவது மட்டும் சூடு தெரிந்தால் ஆஃப் செய்துவிட்டுத் திருகுகளுக்குத் திரும்புங்கள்.

டெஸ்ட் பட்டன் அமுக்கினா விழுது. அப்போ எர்த் நல்லா இருக்குன்னுதானே?

இல்லை. அந்தப் பட்டன் ஆர்சிசிபி-க்குள்ளேயே ஒரு சின்ன ரெசிஸ்டர் வழியாகப் பொய்க் கசிவை உண்டாக்குகிறது. வீட்டில் எர்த் வயரே இல்லாவிட்டாலும் விழும். கருவி உயிரோடு இருக்கிறது என்பதற்கு மட்டுமே அது சாட்சி. மாதம் ஒரு முறை அமுக்குங்கள். பல வருஷம் அசையாமல் இருந்தால் உள்ளே இறுகிப்போகும்.

மாடிப்படி லைட்டைப் போட்டா மட்டும் ஆர்சிசிபி விழுது. லைட்டை மாத்தியும் பார்த்தாச்சு.

லைட் மேல் தப்பு இல்லை. படிக்கட்டு லைட்டுக்குக் கீழே ஒரு சுவிட்ச், மேலே ஒரு சுவிட்ச். ஃபேஸ் கீழ் டிபி-யிலிருந்து வந்திருக்கும், மேலே பல்புக்குப் பக்கத்தில் கிடைத்த நியூட்ரலை யாரோ இணைத்திருப்பார்கள். பல்பு எரியும். ஆனால் மேல் ஆர்சிசிபி-யின் நியூட்ரலில் திரும்பும் கரன்டுக்கு ஜோடியாக அதன் ஃபேஸில் எதுவும் போகவில்லை. கசிவு என்று நினைத்து விழுகிறது. 9 வாட் எல்இடி-யே ஏறக்குறைய 40 மில்லி ஆம்பியர் எடுக்கும், அது போதும்.

தீர்வு: அந்த லைட்டின் ஃபேஸும் நியூட்ரலும் ஒரே டிபி-யிலிருந்து, ஒரே சர்க்யூட்டிலிருந்து. இரவல் நியூட்ரல் எங்கேயும் கூடாது.

மழை நாள்ல எல்லா எம்சிபி-யையும் ஆஃப் பண்ணியும் ஆர்சிசிபி நிக்க மாட்டேங்குது. போயிடுச்சா?

பெரும்பாலும் போகவில்லை. ஒற்றை எம்சிபி ஃபேஸை மட்டும்தான் வெட்டும், நியூட்ரல் இணைந்தே இருக்கிறது. எங்கோ நியூட்ரல் எர்த்தைத் தொட்டால் எம்சிபி ஆஃப் ஆனாலும் விழும். பால்கனி லைட், வாசல் பெல், வெளிப் பிளக் ஆகியவற்றுக்குள் தண்ணீர் போயிருக்கும்.

ஐசொலேட்டரையும் கீழ் எம்சிபி-யையும் ஆஃப் செய்து, கரன்ட் இல்லையென்று பார்த்தபின், நியூட்ரல் லிங்க்கிலிருந்து ஒவ்வொரு கறுப்பு வயராகக் கழற்றி, மூடியைப் போட்டு ஆன் செய்து பார்ப்பார்கள். எந்த வயரைக் கழற்றியதும் நிற்கிறதோ அந்த சர்க்யூட். நியூட்ரலுக்கு நம்பர் ஒட்டியிருந்தால் கால் மணி வேலை, இல்லையென்றால் அரை நாள். எல்லாவற்றையும் கழற்றியும் நிற்கவில்லை என்றால்தான் கருவியைச் சந்தேகிக்க வேண்டும்.

பிளக்ல ரெண்டு ஓட்டையிலயும் டெஸ்டர் எரியுது, ஆனா எதுவும் ஓடல. ரெண்டு ஃபேஸ் வந்துடுச்சா?

நியூட்ரல் அறுந்திருக்கிறது. ஆன் செய்த ஏதோ ஒரு சாமான் வழியாக ஃபேஸ் நியூட்ரல் வயருக்கு வந்து நிற்கிறது. எல்லா சுவிட்சையும் ஆஃப் செய்தால் இரண்டாம் ஓட்டையில் எரிவது நின்றுவிடும். லிங்க்கில் அந்த சர்க்யூட்டின் திருகைப் பாருங்கள். லைன் டெஸ்டரை நம்பி எதையும் முடிவு செய்யாதீர்கள். வெளிச்சத்தில் எரிவது தெரியாது, ரப்பர் செருப்போடு மங்கலாக எரியும், பக்கத்து வயரின் தூண்டலுக்கும் எரியும்.

ஏசி எம்சிபி அடிக்கடி விழுது. 32 போட்டுடலாமா?

வயர் 4 ஸ்கொயர்; அதன் பாதுகாப்புக்குத்தான் 20. எம்சிபி-யைப் பெரிதாக்கினால் விழுவது நிற்கும், சுவருக்குள் வயர் வேகும். போட்ட உடனே விழுந்தால் ஷார்ட், அல்லது ‘பி’ வகை எம்சிபி மோட்டாரின் தொடக்க இழுப்பைத் தாங்கவில்லை. ‘சி’ வகைக்கு மாற்றுங்கள். அரை மணி கழித்து விழுந்தால் ஓவர்லோடு, அல்லது தளர்ந்த திருகின் சூடு எம்சிபி-க்குள் ஏறுகிறது. இரண்டாவதுதான் அதிகம்.

கீழயும் மேலயும் ரெண்டு ஆர்சிசிபி. மாடியில கோளாறுன்னா வீடே இருட்டாகுது.

இரண்டும் 30 மில்லி ஆம்பியர் என்றால் எது முந்தும் என்று சொல்ல முடியாது. கீழ் மெயினில் நேரம் தாழ்த்தி விழும் ‘எஸ்’ வகை 100 மில்லி ஆம்பியர் வைத்து, கீழ்த் தளத்துக்கும் மாடிக்கும் தனித்தனி 30 கொடுத்தால் கோளாறு உள்ள தளம் மட்டும் அணையும். கீழே ஆர்சிசிபி-யே வேண்டாம் என்று எடுத்துவிடாதீர்கள். மேலே ஏறும் 18 மீட்டர் வயருக்குக் காவல் அதுதான். ஷார்ட் ஆனால் கீழ் 32-ம் மேல் 20-ம் சேர்ந்து விழுவது வேறு விஷயம், அது கோளாறில்லை.

கீழ இருக்கிற இன்வெர்ட்டர் லைனை மாடி லைட்டுக்கும் கொடுக்கலாமா?

கொடுக்கலாம், ஃபேஸும் நியூட்ரலும் இரண்டுமே இன்வெர்ட்டர் அவுட்புட்டிலிருந்து தனியாக ஏறி வந்தால். ஃபேஸ் மட்டும் இன்வெர்ட்டரிலிருந்து, நியூட்ரல் மாடி லிங்க்கிலிருந்து என்று வைத்தால் படிக்கட்டு லைட் கதையேதான். மேல் டிபி-யில் அதற்குத் தனி நியூட்ரல் லிங்க், தனி எம்சிபி, முடிந்தால் தனி ஆர்சிசிபி. அந்த எம்சிபி-யின் பக்கத்தில் ‘மெயின் ஆஃப் ஆனாலும் இதில் கரன்ட் இருக்கும்’ என்று தமிழில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள்.

இதே மாதிரி தோட்டத்து ஷெட்டுக்கும் டிபி போடலாமா? 60 மீட்டர் தூரம்.

போடலாம், கணக்கு மாறும். அதே 27 ஆம்புக்கு 60 மீட்டரில் 6 ஸ்கொயர் ஏறக்குறைய 12 வோல்ட் இறக்கும், மோட்டார் முனகும். 10 என்றால் 7 வோல்ட், பரவாயில்லை. சாதாரண வீட்டு வயரைப் பைப்பில் விட்டு மண்ணில் புதைக்காதீர்கள். ஆர்மர்டு (இரும்புக் கவசம் போட்ட) கேபிள், முக்கால் மீட்டர் ஆழம், மேலே மணலும் செங்கல் வரிசையும். இங்கே ஷெட்டுக்கு அருகில் கூடுதலாக ஒரு எர்த் பைப் இறக்கி, கேபிளோடு வரும் எர்த்துடன் சேர்க்க வேண்டும்.

மாடியை வாடகைக்கு விடப்போறேன். தனி டிபி இருந்தா தனி மீட்டர் கிடைச்சுடுமா?

டிபி-க்கும் இணைப்புக்கும் சம்பந்தம் இல்லை. தனி இணைப்புக்கு வாரியத்தில் தனி விண்ணப்பம். பின்னாளில் அது வரும் என்று தெரிந்தால் ஒரு வேலை மட்டும் இப்போதே செய்யுங்கள்: மீட்டர் இருக்கும் இடத்திலிருந்து மேல் டிபி வரை இன்னொரு காலி 25 மில்லிமீட்டர் பைப், உள்ளே ஒரு நைலான் கயிறு விட்டு, இரு முனையும் மூடி வையுங்கள். மாடியும் கீழும் எந்த நியூட்ரலையும் எந்த லைட்டையும் பகிரக் கூடாது. இரண்டு மீட்டர் வந்த நாளில் அந்தப் படிக்கட்டு லைட் திரும்பவும் தகராறு செய்யும்.

டிபி பக்கத்துல நின்னா லேசா ‘கிர்’ன்னு சத்தம். மீன் வறுக்கிற மாதிரி ஒரு வாடையும்.

வாடை வந்தால் உடனே கீழ் 32-ஐ ஆஃப் செய்யுங்கள், பிறகு பேசலாம். எம்சிபி-யின் பிளாஸ்டிக்கோ வயரின் தோலோ சூடாகும்போது வரும் வாடை அது. திறந்தால் ஒரு முனையில் செம்பு கறுத்து, தோல் சுருங்கியிருக்கும். அந்த எம்சிபி-யை மாற்ற வேண்டும், கறுத்த வயரை நல்ல செம்பு வரும் வரை வெட்ட வேண்டும். இதற்காகத்தான் ஒரு முழம் கூடுதல் விடச் சொன்னது. வாடை இல்லாமல் மெல்லிய ரீங்காரம் மட்டும் லோடு ஏறும்போது கேட்டால் அடுத்த வசதியான பகலில் மெயினை ஆஃப் செய்து எல்லாத் திருகையும் ஒரு முறை பாருங்கள். கோளாறு எதுவும் இல்லாவிட்டாலும் மூன்றாம் மாதம் ஒரு முறை, பிறகு வருஷம் ஒரு முறை.